ஆம்னி வேனும் அக்காளின் வயிற்றெரிச்சலும்

எறையூர்
10.2.2025

அன்புத் தங்கச்சி நர்மதாவுக்கு,

அக்கா அம்பிகா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். பையனும் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சௌக்கியமாக இருப்பதாகச் சொல்கிறான். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் பெண் சுவாதி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இந்தக் காலத்தில் எவள் கடுதாசி எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஐந்து நிமிடம் தாண்டுவதில்லை. பொங்கலன்று நீ கட் பண்ணினாய், தீபாவளிக்கு நான் கட் பண்ணினேன். கடுதாசியில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதுவும் இல்லாமல், இந்த வீட்டில் அடுப்படியில் நின்று மெதுவாகப் பேசினாலும் ஹாலில் இருப்பவருக்குக் கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உண்ணாமலை அத்தை வந்திருந்தார். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உன் ஆம்னி வேன் புகை கக்கிக்கொண்டு நின்றதாம். நீ இட்லி மாவு பாக்கெட்டுகளோடு நடுரோட்டில் நின்றாயாம். "பாவம்டி உன் தங்கச்சி" என்று அத்தை சொன்னபோது எனக்கு மானம் போயிற்று. அந்த ஓட்டை வேனை விற்றுத் தொலை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே?

எங்கள் வீட்டில் புதுக் கார் வந்திருக்கிறது. கேள்விப்பட்டிருப்பாய். வெள்ளை நிறம். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் வெளிச்சத்தமே கேட்காது. துடைப்பதற்கென்றே தங்கராசு என்று ஓர் ஆளை உன் மாமா வைத்திருக்கிறார். நான் பெருமைக்குச் சொல்லவில்லை. வண்டி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

உன் நல்லதையே நினைக்கும்
அக்கா அம்பிகா


கல்லங்குறிச்சி
18.2.2025

அக்காவுக்கு நர்மதாவின் வணக்கம்.

முதுகுவலி பரவாயில்லை. சுவாதி சாப்பிடுகிறாள். மாமா சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? புதுக் கார் வாங்கியது சந்தோஷம்.

வேன் நடுரோட்டில் நின்றது நிஜம்தான். ஆனால் அது புகை இல்லை அக்கா, ஆவி. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது. எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர் அதற்குள் போய்த்தான் ஆற வேண்டும். நான் இத்தனை வருடமாக வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி வந்தேன். இந்தப் பக்கத்துத் தண்ணீர் உனக்குத் தெரியாததா? வெந்நீர் போட்ட குண்டானில் மறுநாளே சுண்ணாம்பு படியும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே விபூதி பூசினது மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. தப்பு என்னுடையதுதான்.

டவுனில் மெக்கானிக்கிடம் கேட்டால் கையில் நிறைய வேலை இருக்கிறது, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார். அதுவரை கடைக்காரர்கள் எனக்காகக் காத்திருப்பார்களா? வேறு மாவு வாங்கிக்கொள்வார்கள். ஒரு தடவை கடை கை மாறினால் திரும்ப வராது. அதனால் புது ரேடியேட்டர், ஹோஸ், கிளிப் எல்லாம் வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடுவதென்று முடிவு செய்தோம்.

அவரும் நானும்தான் செய்கிறோம். அவர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் டீயைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் வேனுக்கு அடியில் புகுந்துவிடுகிறோம். "நீ ஸ்பானரப் போடு, நான் புடிச்சுக்கறேன்" என்கிறார். பழையதைக் கழற்றியாயிற்று.

மாமாவுக்கு என் வணக்கம்.

நர்மதா


எறையூர்
21.2.2025

நர்மதா,

நலம், நலம் அறிய ஆவல். உன் கடுதாசி நேற்று வந்தது.

இதென்ன கூத்து? கட்டின பொண்டாட்டியை வேனுக்கு அடியில் படுக்க வைத்து ஸ்பானர் போடச் சொல்கிற ஆம்பளையை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உன் மாமா காருக்குக் காற்றுக்கூட தானே பிடிக்க மாட்டார். கையில் கிரீஸ் பட்டால் ஆபீசில் யார் மதிப்பார்கள்?

இருக்கட்டும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அடியில் படுக்க இடம் இருக்கிறதா? அவர் எந்தப் பக்கம், நீ எந்தப் பக்கம்? நீ எதையாவது தப்பாகத் திருகிவிட்டால் கத்த மாட்டாரா? எதிலிருந்து ஆரம்பித்தீர்கள்? அந்தத் தண்ணீரை எப்படி வடித்தீர்கள்? வேலை செய்யும்போது என்னதான் பேசிக்கொள்வீர்கள்?

சும்மாதான் கேட்கிறேன். எனக்கு இதையெல்லாம் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சீக்கிரம் எழுது.

அம்பிகா


கல்லங்குறிச்சி
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடுதாசியில் பாதி கேள்வியாகவே இருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் வேலை தண்ணீரை வடிப்பது. ரேடியேட்டருக்கு அடியில் ஓரத்தில் ஒரு பிளக் இருக்கும். கையால் இடப்பக்கம் திருகினாலே வந்துவிடும். ஆனால் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மேல் மூடியைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சி அடித்துத் தோலை உரித்துவிடும். தண்ணீரை வடித்த பிறகு ஹோஸைக் கழற்ற வேண்டும். எங்களுடையது ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. பிளேடால் கீறித்தான் எடுத்தோம். சூட்டுக்குத் தகுந்த மாதிரி திறந்து மூடுகிற சின்ன வால்வு ஒன்று உண்டு, தெர்மோஸ்டாட் என்று பெயர். அதுவும் சுண்ணாம்பில் இறுகிப்போயிருந்தது. அதையும் மாற்றிவிட்டோம். இனிமேல் போர் தண்ணீர் கிடையாது, கூலன்ட்தான்.

அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். நான் ஒரு கிளிப்பைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். கத்தவில்லை. "ஏ லூசு, அது ஒனக்கு ஜிமிக்கியா, இஷ்டத்துக்கு மாட்ட?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு ஸ்பானரே பிடிபடவில்லை. பிறகு அவரே டீ போட்டுக்கொண்டு வந்தார். டம்ளரைக் கழுவச் சோம்பேறித்தனம், ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்தோம். என் மூக்கில் கரி இருந்ததை அவர்தான் சட்டையால் துடைத்துவிட்டார்.

போதுமா அக்கா?

நர்மதா


எறையூர்
29.3.2025

நர்மதா,

நான் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய். கேட்கவே வேண்டாம்.

இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எழுத மனசு வரவில்லை. வயிறு எரிகிறதடி. வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன், எரிகிறது. ஒரே டம்ளர் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கடுதாசியைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். சின்ன வயசிலிருந்து உனக்கு எதுவும் நோகாமல் கிடைக்கும். நான் ஜாதகம் பார்த்து, ஆபீசர் மாப்பிள்ளை பார்த்து, மண்டபம் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன். நீ ஓட்டை வேனுக்கு அடியில் படுத்து மூக்கைத் துடைத்துக்கொள்கிறாய்.

போன வாரம் உன் மாமாவிடம் கேட்டேன். "ஏங்க, நம்ம கார் பானெட்டை ஒரு நாள் தெறந்து பாப்பமா?" என்றேன். "அதுல என்ன இருக்கு பாக்க?" என்றார். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவர் நல்லவர்தான். குடி கிடையாது, அடி கிடையாது. ஆனால் இந்த வீட்டில் என்னைவிடக் காலண்டரைத்தான் அவர் அதிக நேரம் பார்க்கிறார்.

இனிமேல் டீ குடித்த கதையெல்லாம் எனக்கு எழுதாதே. ரேடியேட்டரை மட்டும் எழுது.

அம்பிகா


கல்லங்குறிச்சி
12.4.2025

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் கொளுத்துகிறது. நீ மதியத்தில் வெளியே அலையாதே.

வேன் ஓடுகிறது. சூட்டு முள் பாதிக்கு மேலே ஏறவில்லை. ஒரு கடைகூட கை மாறவில்லை. போன ஞாயிறு திருமானூர் வரை போய்க் கொள்ளிடத்துப் பாலத்தில் நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம். காற்று நன்றாக இருந்தது.

உனக்கு வயிறு எரிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் பொய். கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்து நீ எரிவது இதுதான் முதல் தடவை.

கோபித்துக்கொள்ளாதே.

நர்மதா


எறையூர்
5.5.2025

நர்மதா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மாமா வீட்டில்தான் இருந்தார். கார் ராத்திரி முழுக்க நின்று நன்றாக ஆறியிருந்தது. ஃபிளாஸ்க்கில் டீ போட்டு வைத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோணியை விரித்துக் காருக்கு முன்னால் படுத்தேன். நீ எழுதியிருந்தாயே, ஓரத்தில் ஒரு பிளக் இருக்கும், இடப்பக்கம் திருகு என்று. கையை விட்டுத் துழாவினேன். இருந்தது. திருகினேன்.

ஆமாம், நல்ல காரை நானேதான் கெடுத்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? எங்கள் வீட்டில் எதுவும் தானாகக் கெட்டுப்போவதில்லை. ஏதாவது ஒழுகினால் அவரும் வந்து பக்கத்தில் குந்துவார், என்ன ஏது என்று கேட்பார், நான் ஸ்பானரை நீட்டுவேன் என்று நினைத்தேன். உட்கார இரண்டு மணைகூட எடுத்து வைத்திருந்தேன்.

பச்சைப் பச்சையாகக் கொட்டியது. "ஏங்க, கார்ல தண்ணி ஒழுகுதுங்க" என்று கூப்பிட்டேன். வந்தார். வாசற்படியை விட்டுக் கீழே இறங்கவில்லை. "தொடாத, தள்ளு" என்றார். அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெரிய வண்டி வந்தது. காரைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு போயிற்று. பானெட்டைக்கூட யாரும் திறக்கவில்லை. "தரைய கழுவிவுட்ரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கழுவினேன். ஃபிளாஸ்க்கில் இருந்த டீயை நானே குடித்தேன். சிரிக்காதே நர்மதா.

அம்பிகா


எறையூர்
14.5.2025

நர்மதா,

எப்படி இருக்கிறாய்? ஏன் பதில் இல்லை? உடம்புக்கு ஏதாவதா? இல்லை, படித்துவிட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறீர்களா?

இங்கே நிலைமை மோசமாகிவிட்டது. பிளக்கை யாரோ கையால் திறந்திருக்கிறார்கள் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மாமா வந்த வேகத்தில் தங்கராசைக் கூப்பிட்டார். கார் துடைக்கிற ஆள் என்று எழுதினேனே, அவர்தான். "காசு புடுங்கறதுக்கு வழி பண்றியா? நாளையிலேருந்து வராத" என்றார். அந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். என்ன குற்றம் என்றே அவருக்குப் புரியவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ராத்திரி சாப்பாடு போடும்போது சொல்லிவிட்டேன். "தங்கராசு இல்லீங்க. நான்தான் தெறந்தேன்" என்றேன். அவர் கோபப்படுவார், ஏன் செய்தாய் என்று கேட்பார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "நீயா? ஒனக்கு பானெட்டு எந்தப் பக்கம் தெறக்கும்னு தெரியுமா? பாவம் பாத்து அவனுக்குப் பரிஞ்சு பேசாத" என்றார். மோர் கேட்டார்.

ஒரு பிளக்கைத் திறந்து காரைக் கெடுக்கக்கூட எனக்குத் துப்பு இல்லை என்று நினைக்கிறார். என் கையைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது? தங்கராசு முகம் கண்ணிலேயே நிற்கிறது.

உன் வீட்டில் இப்படி நடக்குமா? உன் வீட்டுக்காரராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஏதாவது எழுது.

அம்பிகா


கல்லங்குறிச்சி
27.5.2025

அக்கா,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் இரண்டு கடுதாசியும் வந்தன. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க இங்கே இரண்டு பேர் இல்லை.

அவர் ஒரு நாளும் வேனுக்கு அடியில் வரவில்லை அக்கா. நான் மட்டும்தான் செய்தேன். ஷிப்ட் முடிந்து வந்தால் கட்டிலில் படுத்துப் போனைப் பார்ப்பார். நான் வாசலில் ரேடியேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். "சத்தம் போடாம பண்ணு, தூங்கணும்" என்று ஒரு தடவை சொன்னார். அதுதான் அவர் செய்த உதவி. வீடியோ பார்த்துத்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன். புது ரேடியேட்டரை ஏந்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டும் போட இரண்டு கை போதவில்லை. ஒரு முனையைத் தலையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு முறுக்கினேன். ஜிமிக்கி என்று யாரும் சொல்லவில்லை. கிளிப்பைத் தலைகீழாக மாட்டியது மட்டும் நிஜம். டீயும் நானே போட்டது. திருமானூருக்கும் தனியாகத்தான் போனேன். மாவுக்கடை வேலையாகப் போனது அது.

உன் முதல் கடுதாசியில் வெள்ளைக் கார், சத்தமே கேட்காது, துடைக்க ஆள் என்று எழுதியிருந்தாய். படித்தபோது என் கையெல்லாம் கிரீஸ். உன்னிடம் இல்லாத ஏதாவது ஒன்று என்னிடம் இருப்பதாக எழுதியே ஆக வேண்டும் போல் இருந்தது. வீடு முழுக்கத் தேடினேன், ஒன்றும் இல்லை. அதனால் ஒரு புருஷனை எழுதினேன். எழுத எழுத நன்றாக இருந்தது. நீ கேள்வி கேட்கக் கேட்க இன்னும் நன்றாக வந்தது.

நீ காரைத் திறந்துவிடுவாய் என்று நான் கண்டேனா? தங்கராசு வேலையை நான்தான் கெடுத்தேன். உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை.

இப்போது வேனில் வாட்டர் பம்ப் சொட்ட ஆரம்பித்திருக்கிறது. தண்ணீரைச் சுற்ற விடுவது அதுதான். அதையும் நானேதான் மாற்ற வேண்டும். முதுகுவலி பரவாயில்லை என்று எழுதி வந்தேன். பரவாயில்லை இல்லை.

நர்மதா


எறையூர்
6.6.2025

அடிப் பாவி நர்மதா,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ பொய் சொல்வாய்.

உன் கடுதாசியைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்னைத் திட்டிக்கொண்டே சமைத்தேன். இல்லாத ஒருத்தருக்காக எரிந்து எரிந்து நான் இளைத்திருக்கிறேன், இது உனக்கு அடுக்குமா? நாலாம் நாள் காலையில் மாமா ஆபீசுக்குக் கிளம்பி, சாவியோடு வாசலுக்கு வந்தார். கம்பெனியிலிருந்து திரும்பி வந்த கார் பளபளவென்று நின்றது. நான் கோணியை விரித்தேன். "என்ன பண்ற?" என்றார். "பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். அவர் கண்ணெதிரே அந்தப் பிளக்கை இன்னொரு தடவை திறந்தேன்.

பச்சைத் தண்ணீர் அவர் ஷூ வரைக்கும் ஓடியது. அவர் தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு போனை எடுத்தார். "கம்பெனிக்குப் போடாதீங்க. ஒரு கேன் கூலன்ட் வாங்கியாங்க, நானே ஊத்தறேன். தங்கராசுகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். கேனை வாங்கி வந்து வாசற்படியில் வைத்தார். உள்ளே போய்விட்டார்.

பக்கத்தில் வந்து குந்தினார் என்று எழுத ஆசைதான். குந்தவில்லை. உன்னை மாதிரி எழுத எனக்கு வராது. தங்கராசு வீட்டுக்கு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அந்த மனுஷன் வர மாட்டேன் என்றுவிட்டாராம். அவருக்கு வேறு இரண்டு வீடு கிடைத்துவிட்டது. இப்போது உன் மாமாவேதான் காரைத் துடைக்கிறார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பொய் என்று தெரிந்த பிறகு எரிச்சல் அடங்கிவிடும் என்று பார்த்தேன். அடங்கவில்லை. கூடத்தான் செய்கிறது. பொய்யாகவாவது உனக்கு அப்படி ஒருத்தரை நினைக்கத் தோன்றியதே. ஜிமிக்கி, ஒரே டம்ளர், மூக்கில் கரி! இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஒன்றை மனசுக்குள்கூட நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை. அதுகூடப் போகட்டும். ஒற்றை ஆளாக, தலையால் முட்டுக்கொடுத்து ஒரு ரேடியேட்டரை மாட்டி, வண்டியை ஓட்டிக் காட்டியிருக்கிறாய். அதை ஏனடி முதலிலேயே எழுதவில்லை? எரிவதற்கு எனக்கு அது போதாதா? எனக்குத் திறக்க மட்டும்தான் தெரிகிறது, மாட்டத் தெரியவில்லை.

அந்த வாட்டர் பம்ப்பில் கை வைக்காதே. புதுப் பம்ப்பை வாங்கி மட்டும் வை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் முதுகுக்குத் தைலம் கொண்டு வருகிறேன். உன் வீட்டுக்காரர் தூங்கினால் தூங்கட்டும், நாம் சத்தம் போட்டே செய்வோம். முதல் போல்ட்டை நான்தான் கழற்றுவேன். எனக்கு முன்னால் நீ ஸ்பானரைத் தொட்டாயோ, நடக்கிறதே வேறு.

உன் அக்கா
அம்பிகா